எண்ணெய்த் தொட்டியைத் தாண்டியும் பால் போல வரும் தண்ணீர்

ஹட்டனில் லொறி கழுவும் தண்ணீர், எண்ணெயைப் பிரிக்கும் மூன்று அறைத் தொட்டியைக் கடந்தும் பால் நிறத்தில் ஓயாவுக்கு (சிற்றாற்றுக்கு) போவதாகச் சொல்கிறீர்கள். அதற்காகத் தொட்டியைப் பெருப்பிக்க வேண்டாம். முதலில் சவர்க்காரத் தூளை நிறுத்துங்கள். பால் போலத் தெரிவது, தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்து பால்மமாகிவிட்ட எண்ணெய். இவ்வகைத் தொட்டி சுமார் 150 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துளிகளைத்தான் மிதக்கவிடும். சவர்க்காரமும் உயர் அழுத்தத் தண்ணீரும் துளிகளை அதைவிட மிக நுண்ணியதாக உடைத்துவிடும். தொட்டிக்கு முன்னால் பம்ப் இருந்தால் அதுவும் உடைக்கும்; பம்பைத் தொட்டிக்குப் பின்னால் மாற்றுங்கள்.

உறுதிப்படுத்த, கடைசி அறைத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிந்து மேலே எண்ணெய்ப் படலம் நின்றால் தொட்டியில் சேறு நிறைந்து, தங்கும் நேரம் குறைந்திருக்கிறது, அள்ளினால் போதும். அப்படியே கலங்கி நின்றால் பால்மம்தான்.

அப்போது அந்த நுண்துளிகளைத் திரட்டப் படிகாரம் போடுங்கள்: 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 10 கிராம் கரையுங்கள். தலா ஒரு லீற்றர் கழிவுநீர் கொண்ட மூன்று போத்தல்களில் அந்தக் கரைசலை முறையே 1, 2, 4 மில்லிலீற்றர் விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். தெளியவைக்கும் மிகக் குறைந்த அளவே உங்கள் அளவு.

ஆனால் மலைநாட்டுத் தண்ணீர் மென்மையானது. படிகாரம் பீஎச்சை (அமில, கார அளவை) சட்டென்று இறக்கிவிடும். 6க்குக் கீழே போனால் திரள் சரியாகக் கட்டாது. சிறிது சுண்ணாம்பு சேருங்கள். திரண்ட எண்ணெய்ச் சேற்றைத் தேயிலை மலையில் கொட்டவே வேண்டாம், மழையோடு திரும்ப ஓயாவுக்கே வரும்.