வண்டிக்கு ஸ்டிக்கர்: 14 ஆயிரமா, 45 ஆயிரமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டிக் கடைகளுக்குப் போடுகிறோம். ஆறு வருடமாக ஒரு தோஸ்த் லோடு வண்டி ஓடுகிறது. பின்னால் கன்டெய்னர் பாடி. நீளம் 8 அடி, அகலம் 5, உயரம் 6. தகடு நெளிநெளியாக இருக்கும், ரிவெட்டும் நிறைய. கேபின் உட்பட வண்டி முழுக்க எங்கள் கடைப் பெயரோடு வினைல் ஒட்ட இரண்டு இடத்தில் விலை கேட்டோம். ஒருவர் 14,000 என்கிறார், இன்னொருவர் 45,000. இரண்டுமே ‘நல்ல ஸ்டிக்கர்’தானாம். இன்னும் நாலு மாதத்தில் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேறு வருகிறது. யாரிடம் கொடுப்பது?

பதில்: இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காதீர்கள். முதலில் டேப்பை எடுத்து வண்டியை அளந்து பாருங்கள். பக்கவாட்டு இரண்டும் 96 சதுர அடி, பின் கதவு 30. கேபினுக்கு மேலே தெரியும் பாடியின் நெற்றி, கேபின் கதவுகள், முகப்பு, கூரை, சேதாரம் எல்லாம் சேர்த்தால் 200 சதுர அடியை ஒட்டி வரும். அப்படியானால் முதல் கடை சதுர அடிக்கு 70 ரூபாய், இரண்டாவது கடை 225. ஒரே பொருளை இருவர் இவ்வளவு வித்தியாசத்தில் விற்க முடியாது. பொருள்தான் வேறு.

வினைலில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று காலண்டர்டு. உருக்கிய பி.வி.சி.யை உருளைகளுக்கு நடுவே விட்டுச் சப்பாத்தி தேய்ப்பது மாதிரி நசுக்கி இழுத்துத் தாளாக்குவார்கள். சப்பாத்தி மாவைப் போலவே அதுவும் இழுத்த இழுப்பிலிருந்து பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். இன்னொன்று காஸ்ட். இது தோசை கதை. திரவமாக ஊற்றிப் பரப்பி அடுப்பில் சுட்டெடுப்பது. யாரும் இழுக்காததால் அதற்குச் சுருங்கும் குணம் குறைவு. காஸ்ட் 50 மைக்ரான் அளவில் மெல்லிசாக இருக்கும், காலண்டர்டு 80 முதல் 100 மைக்ரான். ‘எங்க ஸ்டிக்கர் நல்ல கனம் சார்’ என்று கடைக்காரர் தடவிக் காட்டினால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்? ரிவெட்டும் நெளியும்தான் காரணம். ஒட்டி முடித்த ஒரு கன்டெய்னரில் ஒரு ரிவெட் தலையை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். தாள் அதன் மேல் கூடாரம் போட்ட மாதிரி நிற்கும். தெரிந்த ஆள் அதைச் சுற்றி ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி, ஹீட் கன்னால் இளக்கி, சின்ன பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றி அழுத்தி உட்கார வைப்பார். காஸ்ட் அந்த வடிவத்திலேயே நிற்கும். காலண்டர்டு அன்றைக்கு உட்காரும். ஒரு மாத வெயிலில் மெல்ல எழும்பிவிடும். அந்த இடைவெளியில் புழுதி புகுந்து ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் கறுப்பு வளையம் விழும். என் மைத்துனரின் வண்டியில் அப்படி எண்ணிப் பார்த்தேன், ஒரு பக்கத்தில் மட்டும் நாற்பது வளையம். கடைக்காரரிடம் போனால் ‘வண்டியை வெயிலில் நிறுத்தினீங்களா?’ என்று கேட்டாராம். லோடு வண்டியைப் பின்னே எங்கே நிறுத்துவதாம்?

சமதளமான தகடாக இருந்தால் நானே உங்களைப் பாலிமெரிக் காலண்டர்டு போடச் சொல்லியிருப்பேன். அது நடுத்தர ரகம். தட்டையான இடத்துக்குத் தாராளமாகப் போதும். உங்கள் பாடிக்குக் காஸ்ட்தான் சரி.

சரி, அதற்காக 45,000 கொடுக்க வேண்டுமா? கணக்குப் போடுவோம். மலிவு ரகம் நம் வெயிலில் ஒன்றரை வருடம் முகம் கொடுத்தால் வருடத்துக்கு 9,300 சொச்சம். காஸ்ட் நாலு வருடம் என்று வைத்தால் 11,250. பார்த்தீர்களா, விலை உயர்ந்ததுதான் லாபம் என்று கண்ணை மூடிச் சொல்லிவிட முடியாது. பழையதை உரிக்கும் கூலி, அதற்காக வண்டி இரண்டு மூன்று நாள் நின்று லைன் போகாமல் கிடப்பது இரண்டையும் சேர்த்தால்தான் தராசு காஸ்ட் பக்கம் கொஞ்சம் சாய்கிறது.

நான் சொல்வது மூன்றாவது வழி. கேபினை விட்டுவிடுங்கள். வளைவும் கைப்பிடியும் கண்ணாடி ஓரமும் நிறைந்த இடம் அது; அங்கேதான் தாளும் நேரமும் அதிகம் வீணாகும். கூரையும் முகப்பும் வெயிலை நேராக வாங்குவதால் முதலில் வெளுப்பதும் அவைதான். அப்புறம், ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கிற வண்டி வெள்ளையாகவே தெரிவது நல்லது. பக்கவாட்டும் பின் கதவும் மட்டும் காஸ்ட் போட்டால் சேதாரத்தோடு 140 சதுர அடி, அதே 225 விலையில் 31,500. வருடத்துக்கு 8,000 கூட ஆகாது. இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் பின் கதவு மட்டும் போதும் என்பேன். சிக்னலில் உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் ஒரு நிமிடம் முழுக்க அதைத்தான் படிக்கப்போகிறார். அதில் எண்ணெய்ப் படம் சின்னதாகவும் போன் நம்பர் பெரிதாகவும் இருக்கட்டும். எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

பில்லில் எழுதி வாங்க வேண்டியவை: தாளின் கம்பெனி, அதன் மாடல் எண், மேலே போடும் லேமினேஷனும் காஸ்ட்டா என்பது. த்ரீஎம், ஏவரி டென்னிசன், ஓராஃபோல் எல்லாமே இரண்டு ஜாதியையும் விற்கின்றன. ஆகவே ‘த்ரீஎம் சார்’ என்ற ஒரு சொல்லில் மயங்காதீர்கள். அடியில் காஸ்ட், மேலே மலிவு லேமினேஷன் என்று போட்டால் மேல்தாள் சுருங்கும்போது அடித்தாளையும் ஓரத்தில் இழுத்துக்கொண்டு வரும். ரோலைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் பின்தாளிலேயே பெயர் அச்சாகியிருக்கும். சொன்ன விலை ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்றும் கேளுங்கள்.

பிரிண்ட் தாள் பொதுவாக நாலரை அடி அகலம். உங்கள் 8 அடிப் பக்கத்துக்கு இரண்டு துண்டு வரும், நடுவே ஒரு இணைப்பு. பின்பக்கத் துண்டை முதலில் ஒட்டி, முன்பக்கத் துண்டின் ஓரம் அதன் மேல் ஏறி உட்கார வேண்டும். மாற்றி ஒட்டினால் எதிர்க்காற்று அந்த ஓரத்தில் நகம் வைத்து உரிக்கும்.

எஃப்.சி.க்கு முன் டிங்கரிங், பெயின்ட் வேலை இருந்தால் முதலில் அதை முடியுங்கள். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பின் வருடாவருடம் எஃப்.சி. என்பதால், இந்த முறை காட்டிவிட்டு ஒட்டினால் இரண்டு வருடம் கவலை இல்லை. புதுப் பெயின்ட் அடித்த கையோடு ஒட்டாதீர்கள், சில வாரம் காயட்டும். இல்லாவிட்டால் உள்ளிருந்து ஆவி கிளம்பிக் கொப்புளம் போடும். ரிஃப்ளெக்டர் டேப், விளக்கு, நம்பர், எடை விவரம் எதையும் தாள் மூடக் கூடாது. உங்கள் தொழிலுக்கென்று ஒரு எச்சரிக்கை: கதவைச் சுற்றி எண்ணெய்க் கை பட்ட தகட்டில் பசை நிற்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகு ஒட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: என் வெள்ளை பொலேரோ பிக்கப்பை மிலிட்டரி பச்சை மேட் கலரில் ராப் செய்ய ஆசை. பெயின்ட் இல்லையே, ஸ்டிக்கர்தானே, பிரச்சினை வருமா?

பதில்: வரும். ஆலிவ் பச்சை நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி சொல்கிறது. ‘பெயின்ட் இல்லை, ஸ்டிக்கர்’ என்று ரோட்டில் நிறுத்திய அதிகாரியிடம் வாதாடிப் பார்க்கலாம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. வேறு நிறமென்றாலும் வண்டி முழுவதும் மாறினால் ஆர்.சி.யில் உள்ள நிறத்தோடு ஒத்துப்போகாது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, நிறத்தை ஆர்.சி.யில் மாற்றிக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் குட்டி யானை வாங்கினேன். பழைய ஓனரின் தண்ணீர் கேன் கம்பெனி ஸ்டிக்கர் உரிக்க உரிக்கத் துண்டு துண்டாக வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: காலையில் குளிர்ந்திருக்கும்போது நகத்தால் சுரண்டுகிறீர்கள் போலிருக்கிறது. மத்தியானம் இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, ஹீட் கன் பிடித்து, ஓரத்தைத் தூக்கித் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்வாக, மெதுவாக இழுங்கள். மிச்சப் பசைக்கு ஸ்டிக்கர் ரிமூவர் போதும்; தின்னர் வேண்டாம், பெயின்ட்டையும் கரைக்கும். பட்டி பார்த்து அடித்த இடம் என்றால் ஸ்டிக்கரோடு பெயின்ட்டும் வரலாம், முதலில் மூலையில் ஓர் அங்குலம் சோதித்துக்கொள்ளுங்கள். எல்லாம் உரித்த பிறகும் பழைய கம்பெனி பெயர் நிழல் மாதிரி தெரியும். சுற்றிலும் பெயின்ட் வெளுத்து, அடியில் மட்டும் புதிதாக இருப்பதால் வருவது அது. பாலிஷ் போட்டால் பாதி குறையும். மீதியை மறைக்க அதே இடத்தில் உங்கள் பெயரை ஒட்டுங்கள்.