மருத்துவ பீடத்துக்குப் போகும் மகளின் மனநலம்: தலவாக்கலைத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

மகளுக்கு மருத்துவ பீட அனுமதி கிடைத்த மகிழ்ச்சியோடு, பொறுப்பும் கூச்சமும் மிகுந்த, சட்டென்று கண்கலங்கிவிடும் பிள்ளை ஐந்து வருடப் படிப்பைத் தாங்குவாளா என்ற பயத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை இப்போதே பேசிவிடுவது நல்லது.

இளகிய மனமும் கூச்ச சுபாவமும் மருத்துவத்துக்குத் தடையாகா. உளவியலாளர் ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அவற்றுள் பொறுப்புணர்வும் ஒழுங்கும் கூடியவர்களே மருத்துவப் படிப்பில் நன்றாகத் தேறுகிறார்கள். ஆனால் அந்தப் பொறுப்புணர்வோடு எளிதில் பதறும் இயல்பும் ஒதுங்கியிருக்கும் இயல்பும் சேரும்போது மன அழுத்தம் கூடுவதை நோர்வே மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் விவரித்திருக்கும் மகள் ஏறக்குறைய இந்த வகைதான்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2016இல் வெளியான ஒரு கட்டுரை, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்ததாகச் சொல்கிறது. அவர்களுள் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 சதவீதத்தினரே. நோயைவிட அதை மறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

நம் மலையகப் பிள்ளைகளுக்கு மறைக்கக் காரணங்களும் அதிகம். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, முதல் நாளே உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். புரியாததைக் கேட்டால் தன் ஆங்கிலத்தைக் கேலி செய்வார்களோ என்று வாயை மூடிக்கொள்வாள். பின்னர் வாட்டுக்குப் போனால், பேராதனை போன்ற இடங்களில் நோயாளர் பலரிடம் சிங்களத்தில் நோய் விபரம் கேட்க வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் மேலாக, தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லோரும் இப்போதே "டாக்டரம்மா" என்று கூப்பிடத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்போடு சொல்வதுதான், ஆனாலும் அப்படி அழைக்கப்படும் பிள்ளை, ஒரு பாடத்தில் தவறிவிட்டதாக வீட்டுக்குச் சொல்ல அஞ்சுவாள். தவறிய பாடத்தை மீண்டும் எழுத வழியுண்டு என்பதையும், அதனால் உங்கள் முகம் வாடாது என்பதையும், அவள் பெட்டி கட்டும் முன்னரே நீங்களும் அவளுடைய அம்மாவும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மனவெழுச்சி நுண்ணறிவு என்பது தன் உணர்வை இன்னதென்று அறிவதும், பிறர் உணர்வைப் புரிந்துகொள்வதும், இரண்டையும் பக்குவமாகக் கையாள்வதும் ஆகும். அது பழகப் பழக வளரும். தொலைபேசியில் முதலில் புள்ளியைக் கேட்காமல், சாப்பிட்டாளா, தூங்கினாளா, யாரோடு பேசினாள் என்று கேளுங்கள். "பயமாக இருக்கிறது" என்று அவள் சொன்னால் உடனே புத்திமதி சொல்லாமல், எதற்குப் பயம் என்று அவளே சொல்லும்வரை காத்திருங்கள். தன் பயத்துக்குப் பெயர் சொல்லப் பழகிய மாணவி, நோயாளியின் பயத்தையும் விரைவில் கண்டுகொள்வாள்.

மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்தும் பகிடிவதை நடந்தால் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமோ உணவோ குறைந்தால், விருப்பமான எதிலும் நாட்டம் இல்லாமற் போனால், அழைப்புக்குப் பதில் வருவது நின்றால், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழக மாணவ ஆலோசகரையோ வைத்தியரையோ அந்த வாரமே சந்திக்கச் செய்யுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற தொனியில் அவள் பேசினால் அன்றே புறப்பட்டுப் போய் அவளுடன் இருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அந்த இலக்கத்தை அவளுடைய தொலைபேசியிலும் உங்களுடையதிலும் இன்றே பதிந்து வையுங்கள்.