ஆட்டிசம் உள்ள மகன் வேலையில் நிலைப்பானா, தனியாக இருந்துகொள்வானா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, ஆட்டிசம். படிப்பு முடிந்துவிட்டது. ஓரளவு பேசுவான், கணினி நன்றாகத் தெரியும். இவனால் ஒரு வேலையில் நிலைக்க முடியுமா? எங்கள் காலத்துக்குப் பிறகு தனியாக இருந்துகொள்வானா?

நான் மருத்துவர் இல்லை, சிறப்பாசிரியரும் இல்லை. ஆட்டிசம் உள்ள ஒருவனுக்கு அக்கா, அவ்வளவுதான். தம்பிக்கு இப்போது 33 வயது. ஆறு வருடமாக ஒரே வேலையில் இருக்கிறான், மூன்று வருடமாகத் தனியாக ஒரு வீட்டில் இருக்கிறான். அதற்கு முன்னால் இரண்டு வேலை போனது. அந்த இரண்டிலிருந்துதான் எனக்கு விஷயம் புரிந்தது என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் வேலை டேட்டா என்ட்ரி. அவன் தட்டச்சில் பிழை என்று ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் ஐந்தாவது மாதம் அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டால் ‘ஆட்டிட்யூட் சரியில்லை’ என்றார்கள். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் கதை வெளியே வந்தது. ஒருநாள் இவன் வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டான். சூப்பர்வைசர் அன்பாகத்தான், “சரிப்பா, கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுத்துக்கோ” என்றிருக்கிறார். இவன் ரெஸ்ட் எடுத்தான். சாயங்காலம் வரை எடுத்தான். ‘கொஞ்ச நேரம்’ எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லையே! இன்னொரு நாள் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மேலாளரிடம், “போன மாதமும் இதே கூட்டலில்தான் தப்பு செய்தீர்கள்” என்றிருக்கிறான். கூட்டல் தப்புதான். அதனால்தான் அவருக்குக் கோபம் அதிகமாகியிருக்கும்.

இரண்டாவது வேலை இன்னும் சீக்கிரம் போனது. அலுவலகத்தை மாற்றியமைத்தபோது இவன் இருக்கையை ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், வீட்டுக்கு வந்துவிட்டான். “சத்தம்” என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை.

கவனித்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் வேலை தெரியாமல் வேலை போகவில்லை. இடைவேளை, இருக்கை, சத்தம், மேலதிகாரியிடம் எதை எப்போது சொல்லலாம் என்கிற எழுதாத சட்டம், இந்த மாதிரி வேலையைச் சுற்றியிருக்கும் சங்கதிகளில்தான் போனது. வீட்டில் இருக்கும் நாம் பெரும்பாலும் கணினிப் பயிற்சி, சான்றிதழ் என்று அலைகிறோம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மகனுக்குக் கணினி ஏற்கெனவே தெரியும் என்கிறீர்களே, அப்படியானால் அடுத்த சான்றிதழுக்குச் செலவாகும் நேரத்தை நான் மேலே சொன்ன பட்டியலுக்குக் கொடுப்பேன்.

இன்டர்வியூ ஒரு தனித் தலைவலி. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் தம்பி பிறந்த தேதியில் ஆரம்பிப்பான். கண்ணைப் பார்க்க மாட்டான். பதில் வர நேரமாகும். பத்து நிமிடப் பேச்சில் அவனுடைய வேலைத்திறன் எதுவும் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. டென்மார்க்கில் தோர்கில் சோனே என்பவர் தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004-இல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் ‘ஸ்பெஷலிஸ்டர்னே’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே வழக்கமான இன்டர்வியூவுக்குப் பதிலாக லெகோ ரோபோக்களைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். எஸ்ஏபி (SAP) என்ற மென்பொருள் நிறுவனம் 2013-இலும் மைக்ரோசாஃப்ட் 2015-இலும் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுப்பதற்கென்றே தனித் திட்டம் தொடங்கின. இதைப் படித்துவிட்டு ‘ஆட்டிசம் என்றால் கம்ப்யூட்டர் மேதை’ என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். அந்த நினைப்பு எங்கள் வீட்டில் இரண்டு வருடத்தைத் தின்றது. தம்பிக்கு நிரல் எழுதுவதில் ஆர்வமே இல்லை. எதையும் வரிசைப்படுத்துவது பிடிக்கும், பக்க எண் விட்டுப்போனால் பொறுக்காது.

மூன்றாவது இடத்தில் நாங்கள் கேட்டது ஒன்றுதான். “இன்டர்வியூ வேண்டாம், நான்கு நாள் வேலை செய்ய விட்டுப் பாருங்கள்.” பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் பிரிவு அது. இரண்டாம் நாளே, யாரும் கேட்காமல், காணாமல்போன பக்கங்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறான். வேலை கிடைத்தது.

அவனுக்கு ஆட்டிசம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். சொல்வதா வேண்டாமா என்பதில் பொதுவான பதில் கிடையாது. சொல்லி வாய்ப்பு இழந்தவர்களும் உண்டு, மறைத்து நடித்தே களைத்துப்போனவர்களும் உண்டு. ஆனால் சொல்வதானால் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டவை: சுவர் ஓரமாக இருக்கை, காதில் சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோன் போட அனுமதி, சொல்வதை எழுதியும் கொடுப்பது, சந்தேகம் என்றால் போய்க் கேட்க ஒரே ஒரு ஆள். செலவு என்று பார்த்தால் ஒரு ஹெட்ஃபோன்தான், அதையும் நாங்களே வாங்கினோம்.

எழுதிக் கொடுப்பதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் 1970-களில் வளர்ந்த ‘டீச்’ (TEACCH) என்ற, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான திட்டத்திலிருந்து வந்தது. எந்த வேலைக்கும் நான்கு கேள்விக்குப் பதில் கண் முன்னால் இருக்க வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, முடிந்தது என்று எப்படித் தெரியும், முடித்ததும் அடுத்து என்ன. தம்பி மேசையில் ஒட்டியிருக்கும் அட்டையில் இப்படி இருக்கும்: ‘இடது பெட்டியில் உள்ள 40 கோப்புகள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து வலது பெட்டியில் வை. இடது பெட்டி காலியானால் முடிந்தது. 11:15 முதல் 11:30 வரை இடைவேளை. பிறகு அடுத்த பெட்டி.’ முதல் வேலையில் அவனை வீட்டுக்கு அனுப்பிய அந்தக் ‘கொஞ்ச நேரம்’ இங்கே 15 நிமிடம் ஆகிவிட்டது, பிரச்சினையும் போயிற்று.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. மூன்றாவது மாதம் ஒருநாள் ஸ்கேனர் நின்றுவிட்டது. அட்டையில் அதற்கு வழி இல்லை. மூன்று மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவன் அமைதியாக இருந்தான். அடுத்த நாள் அட்டையின் பின்பக்கம் ‘மிஷின் நின்றால்’, ‘கரன்ட் போனால்’, ‘சந்தேகம் கேட்கும் அண்ணா லீவு என்றால்’ என்று மூன்று வரி ஏறியது. இப்போது அதில் பதினோரு வரி. ஏழாவது வரியை எழுதியது அவனே.

ஒரு பழைய கதையும் சொல்கிறேன். ஆட்டிசத்தைப் பற்றி லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் அமெரிக்காவில் 1943-இல் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். முதல் குழந்தை ‘டொனால்ட் டி.’, அதாவது டொனால்ட் டிரிப்லெட். அவனைச் சில வருடம் ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். 1945-இல் கானர் போய்ப் பார்த்து அசந்துபோனார். அளவெடுப்பதிலேயே பைத்தியமாக இருந்த பையனைக் கிணறு தோண்ட விட்டு, எவ்வளவு ஆழம் என்று கணக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சோளத்தின் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருந்தவனை, உழும்போது அந்த வரிசைகளை எண்ண விட்டிருக்கிறார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிவந்தான் என்று, அவற்றைப் புதைக்க ஓர் இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். பின்னாளில் டொனால்ட் 60 வருடத்துக்கு மேல் ஒரு வங்கியில் வேலை பார்த்தார், 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், தனியாக ஊர் ஊராகச் சுற்றினார், 2023-இல் 89 வயதில் காலமானார். அந்த வங்கி அவர் தாய்வழிக் குடும்பத்துடையது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் வங்கி வைத்திருக்கும் தாத்தா இருக்க மாட்டார். அதே 11 பேரை 1971-இல் கானர் திரும்பத் தேடிப் போனபோது, அரசு மனநலக் காப்பகங்களுக்குப் போனவர்கள் கதை மிகவும் மோசமாக இருந்தது. கிணறும் சோள வரிசையும் கிடைத்த பையன் வேறு மாதிரி வந்தான். எனக்கு அந்தத் தம்பதியைத்தான் பிடித்திருக்கிறது. பையனின் பிடிவாதத்தை ஒழிக்க நினைக்காமல், அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள்.

வேலை நேரம் பற்றி ஒன்று. முதல் ஆறு மாதம் தம்பி வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் படுத்துக்கிடப்பான். சனி, ஞாயிறு முழுக்கப் பேச்சே இருக்காது. சோம்பல் என்று அப்பா திட்டினார். நாள் முழுக்க எல்லோரையும்போல் நடந்துகொள்வது அவனுக்கு இன்னொரு முழுநேர வேலை என்று எங்களுக்குப் புரியத் தாமதமாயிற்று. கேட்டு ஐந்து மணி நேர வேலையாக மாற்றிக்கொண்டோம். சம்பளம் குறைந்தது, வேலை நிலைத்தது. உங்கள் மகனுக்கு இரண்டு மணி நேரம்தான் முடியும், பக்கத்தில் ஒரு ஜாப் கோச் (வேலையிடத்தில் கூடவே இருந்து பழக்கிவிடுபவர்) இருந்தால்தான் முடியும் என்றாலும் அது வேலைதான்.

இனி, தனியாக இருப்பது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இதற்குப் பெரிய தடையாக இருந்தது அம்மாவின் பாசம். 24 வயது வரை அவனை எழுப்பிவிட்டது அம்மா. ஏடிஎம்மில் பின்னால் நின்று எண்ணை அழுத்தியது அம்மா. டாக்டர் அவனிடம் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டால் பதில் சொன்னது அம்மா. அவனுக்குக் கேள்வி உள்ளே போய்ப் பதில் வெளியே வர ஏழெட்டு விநாடி பிடிக்கும். நாம் இரண்டு விநாடியில் பொறுமை இழந்து குறுக்கே விழுகிறோம். அப்புறம் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம்: யார் அவனைக் கேட்டாலும் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் மற்றவர்கள் வாய் திறக்க வேண்டும். முதல் மாதம் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்துக்குள் அவனே பதில் சொல்ல ஆரம்பித்தான்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொறுப்பை மட்டும் கைமாற்றினோம். முதலில் அலாரம். அதற்கே இரண்டு மாதம். பிறகு பஸ், துணி துவைப்பது, வங்கி அட்டை. பஸ்ஸில் முதல் வாரம் பக்கத்து இருக்கையில் நான், அடுத்த வாரம் பின் இருக்கையில், அப்புறம் அடுத்த பஸ்ஸில். வழி மாறினால் என்ன செய்வது என்று வேண்டுமென்றே ஒருநாள் தப்பான நிறுத்தத்தில் இறங்கியும் பார்த்தோம்.

தனி வீட்டுக்குப் போன பிறகும் சறுக்கல்கள் வந்தன. ஒருமுறை நான் போனபோது உடம்பு நெருப்பாய்க் கொதிக்கப் படுத்திருந்தான். ஏன் சொல்லவில்லை என்றால், “நீ கேட்கவில்லை” என்றான். உடம்புக்குள் நடப்பதை உணர்ந்து பெயர் வைப்பது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். இப்போது சுவரில் இருக்கிறது: ‘உடம்பு என்னவோ போல இருந்தால் தெர்மாமீட்டர் வை. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்றால் அக்காவைக் கூப்பிடு.’ அப்புறம், கூட வேலை பார்த்த ஒருவர் நான்கு மாதம் தொடர்ந்து கடன் வாங்கியிருக்கிறார். ஒன்றும் திரும்பி வரவில்லை. இல்லை என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. ஆகவே ஒரு வாக்கியத்தைப் பாடம் பண்ணிக் கொடுத்தோம்: “வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.” அதற்குப் பிறகு அந்த ஆள் கேட்கவே இல்லை.

தனியாக இருக்கிறான் என்று நான் சொல்வதில் இதெல்லாம் அடக்கம். வாரம் இரண்டு நாள் நான் போகிறேன், மாதம் ஒருமுறை கணக்கைச் சேர்ந்து பார்க்கிறோம், மாடியில் இருப்பவரிடம் ஒரு சாவி இருக்கிறது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளிகளே தேர்ந்தெடுக்கும் உரிமையை 2006-இல் ஐ.நா. உடன்படிக்கை 19-ஆம் பிரிவில் வைத்தது. அதோடு அதற்குத் தேவையான ஆதரவும் கிடைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

‘எங்கள் காலத்துக்குப் பிறகு’ என்று கேட்டீர்கள். வேறு பிள்ளைகள் இருந்தால் இப்போதே உட்கார்ந்து கேளுங்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அக்கா இருக்கிறாள் என்று பேசி முடித்துவிட்டார்கள். தம்பி மேல் எனக்கு உயிர், ஆனாலும் கேட்டிருக்கலாம். ஒரே ஆளை நம்பாமல் மூன்று நான்கு பேரை அவன் வாழ்க்கைக்குள் கொண்டுவாருங்கள். அவனுக்கு எது பிடிக்காது, எந்தச் சத்தம் தாங்காது, கலங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் உங்களோடு போய்விடும். எழுதி வையுங்கள், அவனையும் உட்காரவைத்து எழுதுங்கள். தம்பியின் நோட்டில் நான் எழுதிய ஒரு பக்கத்தை அவன் குறுக்கே கோடு போட்டு அடித்து, ‘இது 2014-இல் சரி, இப்போது இல்லை’ என்று எழுதியிருக்கிறான்.

19 வயது என்பது நாங்கள் ஆரம்பித்ததைவிட ஐந்து வருடம் முன்னால். இன்று காலையில் அவனை யார் எழுப்பினார்கள் என்று மட்டும் கருத்தில் எழுதுங்கள், அதிலிருந்து மேலே பேசலாம்.