அமெரிக்க நகரங்கள் சாலைக்கும் பூங்காவுக்கும் தனித்தனியாக நிதி கேட்பது ஏன்?

ஒரே தெருவில் நடைபாதையையும் பக்கத்துப் பூங்காவையும் சீரமைக்க, நகராட்சி ஏன் இரண்டு இடங்களில் மனு போடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் வரும் வழியே வேறு, அதனால்தான்.

சாலைக்கு மத்திய அரசு தரும் பணத்தில் பெரும்பகுதி, எரிபொருள் வரி சேரும் மத்திய நெடுஞ்சாலை நிதியிலிருந்து வருகிறது. பொதுவாக 80 சதவீதம் மத்திய அரசு, மீதி உள்ளூர்ப் பங்கு. 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதி என்றால், வட்டாரப் போக்குவரத்துத் திட்டக் குழுவின் பட்டியலிலும் பணி இடம்பெற வேண்டும்.

பூங்காவுக்கு முக்கியமான வழி, 1965 முதல் இயங்கும் நில, நீர்ப் பாதுகாப்பு நிதி. கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் தொகைதான் இதன் ஊற்று. இதில் பாதிக்குப் பாதி. இரண்டு லட்சம் டாலர் மைதானம் என்றால் ஒரு லட்சத்தை நகரம் தேட வேண்டும். அதுவும் பெரும்பாலும் முதலில் செலவழித்துவிட்டு, அப்புறம் ரசீது காட்டித்தான் வாங்க வேண்டும். சின்ன ஊர்கள் இங்கேதான் திணறுகின்றன.

இன்னொரு பிடியும் உண்டு. இந்தப் பணம் பட்ட பூங்காவைப் பின்னாளில் வாகன நிறுத்தமாக மாற்ற நினைத்தால், மத்திய அனுமதி வேண்டும்; ஈடான வேறு நிலமும் தர வேண்டும். எனக்கு இது நல்ல விதியாகவே படுகிறது.

சரி, இரண்டையும் ஒருவரிடமே கேட்க முடியாதா? முடியும், தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரிடம். உறுப்பினர் தன் தொகுதியின் குறிப்பிட்ட பணிக்கு மத்திய நிதி கேட்கும் வழக்கம் 2011-இல் நின்றுபோய், 2021-இல் திரும்பியது. ஆனால் அந்தப் பணியில் தனக்கோ துணைவருக்கோ பண ஆதாயம் இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும்.