கிட்டார் பெடலை மாற்றியமைத்தபின் இரைச்சல்: எதையும் வாங்கும் முன் பேட்டரியைப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் என் டிஸ்டார்ஷன் பெடலுக்கு ஒரு மாட் கிட் (மாற்றிப் போடுவதற்கான பாகங்களின் தொகுப்பு) வாங்கி நானே மாற்றினேன். சிலிக்கான் டயோடுகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டேன். பழைய 4558 ஐசி இருந்த இடத்தில் ‘லோ நாய்ஸ்’ என்று சொல்லி விற்ற என்இ5532 வைத்தேன். கெயின் கூட வேண்டும் என்று 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை 2.2 கிலோ ஓமாக்கினேன். கிட்டில் சொன்னபடி சில கேபாசிட்டர்களும் மாறின. இப்போது கெயினைப் பாதிக்கு மேல் திருப்பினால் உஸ்ஸென்று இரைகிறது, முழுக்கத் திருப்பினால் கீச்சென்று கத்துகிறது, பின்னணியில் எப்போதும் ஓர் உறுமல். நாய்ஸ் கேட் ஒன்றும் ஐசொலேட்டட் பவர் சப்ளை (ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாக மின்சாரம் தருவது) ஒன்றும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரே கோளாறு இல்லை, மூன்று. உறுமல், கீச்சு, உஸ் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. நாய்ஸ் கேட் நீங்கள் வாசிக்காத நேரத்தில் மட்டும் சத்தத்தை அடைக்கும். தந்தியைத் தொட்டதும் திறந்துகொள்ளும், அப்போது இரைச்சலும் சேர்ந்தே வெளியே வரும். பழுது உள்ளே அப்படியே கிடக்கும்.

முதலில் செலவில்லாத சோதனை. மற்ற பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு கிட்டார், இந்தப் பெடல், ஆம்ப் மட்டும் வையுங்கள். அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் புது 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். பெடலின் மூடியை மூடி, திருகையும் இறுக்கிவிட்டுத்தான் கேட்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த உலோகப் பெட்டிதான் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குக் கவசம். போதாததற்கு எல்இடியும் கண்ணாடி உடல் டயோடும் வெளிச்சத்தை உணரும். மின்சார விளக்கின் கீழே மூடியைத் திறந்து வைத்தால் விளக்கின் துடிப்பே 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கலாம். மூடினால் அது போய்விடும். பெடலை ஆஃப் செய்த பிறகும் அதே சத்தம் வருகிறது என்றால் பழுதை வேறு இடத்தில் தேடுங்கள்.

பேட்டரியில் உறுமல் நின்றுவிட்டதா? அப்படியானால் குற்றவாளி மின்சாரம் வரும் வழி. அதற்கும் உடனே பவர் சப்ளை வாங்க ஓட வேண்டாம். பெடலுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரிலும், அதற்கு அடுத்து 100 மைக்ரோஃபாரட் கேபாசிட்டர் ஒன்றைக் கிரவுண்டுக்கும் போட்டால், ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அலைகள் குறையத் தொடங்கும். 100 ஹெர்ட்ஸ் உறுமல் நன்றாக அடங்கும், டிஜிட்டல் பெடல்கள் அனுப்பும் ‘ங்ஙீ’ என்ற ஊளை இன்னும் அதிகமாக அடங்கும். உங்கள் பெடலில் இந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கேபாசிட்டர் இருந்து, அதைத்தான் கிட் மாற்றச் சொல்லியிருந்தால், பிளஸ் மைனஸ் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைகீழாகப் போட்ட எலக்ட்ரோலிட்டிக் கசியும், பொரியும், கெட்டும் போகும். ஒரே அடாப்டரிலிருந்து டிஜிட்டல் பெடலுக்கும் இதற்கும் சேர்த்து மின்சாரம் கொடுத்து, இத்தனைக்குப் பிறகும் ஊளை நிற்கவில்லை என்றால், அப்போது ஐசொலேட்டட் சப்ளை வாங்குங்கள். அது வீண் செலவு ஆகாது.

பேட்டரியிலும் உறுமினால் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் நின்றால் அது பிக்கப்பிலிருந்து (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) வருவது, குறிப்பாக ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயிலில். முன்பும் இருந்ததுதான், கெயின் ஏறியதால் இப்போது காதில் விழுகிறது. நிற்கவில்லை என்றால் இன்புட் ஜாக்கின் கிரவுண்டு ஒயரையும் நீங்கள் கைவைத்த இடங்களையும் பாருங்கள்.

கீச்சு சத்தத்தை நீங்கள் உடனே கவனிக்க வேண்டும். பெடல் ஆசிலேட் ஆகிறது, அதாவது அவுட்புட் எங்கோ இன்புட்டுக்குத் திரும்பிப் போகிறது. 4558 ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ் ஐசி, என்இ5532 ஏறக்குறைய 10. வேகமான ஐசியைப் பழைய போர்டில் வைத்தால் இந்தத் தொல்லை வர வாய்ப்பு கூடுதல். ஐசியின் 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையே, கால்களை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கேபாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். இன்புட் ஒயரும் அவுட்புட் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் பிரித்துக் குட்டையாக்குங்கள். ஐசியின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குப் போகும் ஃபீட்பேக் பாதையில் இருந்த சின்ன பிக்கோஃபாரட் கேபாசிட்டரை ‘பிரைட்டாக ஒலிக்கும்’ என்று கிட் எடுக்கச் சொல்லியிருந்தால், அதைத் திரும்பப் போடுங்கள். அந்தச் சின்ன கேபாசிட்டர்தான் கீச்சையும் உஸ்ஸையும் சேர்த்து அடக்கி வைத்திருந்தது.

இனி உஸ். இதில் ஒரு பகுதி பழுதே இல்லை. 4.7ஐ 2.2 ஆக்கியதால் அந்தக் கட்டத்தின் கெயின் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல் கூடியிருக்கிறது. கிட்டார் ஒலி டயோடில் மோதி வெட்டுப்பட்டு அதே அளவில் நின்றுவிடும். சின்னதாக இருக்கும் இரைச்சலோ அந்த 6 டெசிபலை முழுதாக வாங்கிக்கொள்ளும். பழைய ரெசிஸ்டரைத் திரும்ப வைப்பதுதான் நேர்மையான மருந்து. எல்இடி மேல் பழி போட வேண்டாம். சிலிக்கான் 0.6 வோல்ட் பக்கம் வெட்டும், சிவப்பு எல்இடி 1.7க்கு மேல்தான் வெட்டும். அதனால் வாசிக்கும்போது பெடல் சத்தமாக இருக்கும். லெவல் குமிழைக் குறைத்தால் அதோடு இரைச்சலும் குறையும்.

‘லோ நாய்ஸ்’ என்ற சொல்லை நம்பி ஐசி வாங்கியது பற்றி ஒன்று. என்இ5532இன் மின்னழுத்த இரைச்சல் 5 நானோவோல்ட், டிஎல்072 என்ற இன்னொரு ஐசிக்கு 18 (இரண்டும் ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு). கேட்டால் முன்னது ஜெயித்தது போலத் தெரியும். ஆனால் 5532இன் உள்ளீட்டில் 0.7 பிக்கோஆம்பியர் அளவுக்கு மின்னோட்ட இரைச்சலும் இருக்கிறது. கிட்டார் பிக்கப்பின் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) மேல் சுருதிகளில் ஒரு லட்சம் ஓமைத் தொடக்கூடும். அங்கே இந்த 0.7, 70 நானோவோல்ட் ஆகிவிடும். முன்னால் பஃபர் (கிட்டாரையும் ஐசியையும் பிரிக்கும் இடைக்கட்டம்) இல்லாமல் ஐசியே கிட்டாரை நேரடியாகச் சந்திக்கும் பெடலில் டிஎல்072 அமைதியாக இருக்கும். 5532 ஏறக்குறைய 8 மில்லிஆம்பியர் இழுப்பதால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஒரு 8 கால் சாக்கெட் பற்றவைத்துவிட்டால் மூன்று ஐசிகளையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். அப்புறம், ‘விண்டேஜ்’ என்று கிட்டில் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் வந்திருந்தால் முதல் கட்டத்தில் மட்டுமாவது மெட்டல் ஃபிலிம் போடுங்கள். அந்த வகை இயல்பிலேயே அதிகம் இரையும்.

இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு கேளுங்கள். இடையில் மல்ட்டிமீட்டரால் ஐசியின் 1ஆம், 7ஆம் கால்களைப் பாருங்கள். 9 வோல்ட்டில் பாதி, 4.5 பக்கம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பற்றவைத்ததில் தவறு, அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம். மரக்குச்சியால் பாகங்களை மெல்லத் தட்டும்போது பொரிந்தால் அந்த ஜாயின்ட்டை மறுபடி சூடாக்குங்கள். இதெல்லாம் 9 வோல்ட் பெடலுக்கு மட்டும். ஆம்பைத் திறக்காதீர்கள், வால்வு ஆம்பில் உயிருக்கே ஆபத்தான மின்னழுத்தம் இருக்கிறது.

கேள்வி: மாற்றிய பெடலுக்கு வாரண்டி கிடைக்குமா?

பதில்: உள்ளே பற்றவைத்துவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது, வாரண்டி அட்டையில் எழுதியிருக்கும். கிட்டின் கதை வேறு. அதில் தவறான பாகமோ போலி ஐசியோ வந்திருந்தால் விற்றவரிடம் மாற்றித் தரக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. பாகங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த முறை ஐசியைத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

கேள்வி: பிறர் மாற்றிய பழைய பெடல் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: சொந்தக் கிட்டாரும் புது பேட்டரியும் எடுத்துப் போங்கள். கெயினை முழுக்கத் திருப்பி, கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். உஸ் இருந்தால் பரவாயில்லை. கீச்சோ பொரிதலோ இருந்தால் விட்டுவிடுங்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். கழற்றிய பழைய பாகங்களையும் சேர்த்துக் கொடுப்பவராக இருந்தால் நல்லது. பிடிக்காவிட்டால் பெடலைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடலாம்.