பாடிபியில் தெரியும் புள்ளிகள்: கொழுப்புத் துளியா, லிப்போஃபுசினா?

24 மாதச் சுண்டெலியின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கான மூளைப் பகுதி) கொழுப்பைப் பச்சையாக ஒளிரவைக்கும் பாடிபி 493/503 சாயம் போட்டால் மைக்ரோக்ளியா (மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள்) முழுக்கக் கொழுப்புத் துளிகள் தெரிகின்றன, ஆனால் சாயமே போடாத மூளை வெட்டிலும் (மெல்லிய திசுத் துண்டு) அதே புள்ளிகள் என்கிறீர்கள். அவற்றில் பெரும்பங்கு லிப்போஃபுசின் என்ற செல் கழிவுதான். விழுங்கிய மயலின் (நரம்பிழை உறை) சிதைவுகளை வயதான மைக்ரோக்ளியாவின் லைசோசோம்களால் முழுதாகச் செரிக்க முடிவதில்லை. தேங்கும் கழிவு பச்சை, சிவப்பு இரண்டிலும் தானாகவே ஒளிரும்.

இந்தத் தானொளிர்வை மறைக்க வழக்கமாகப் போடும் சூடான் பிளாக் வேண்டவே வேண்டாம். மற்ற வேலைகளுக்கு அது நல்ல வழி. ஆனால் அதுவே கொழுப்புச் சாயம். அதைக் கரைக்கும் 70% எத்தனால் நீங்கள் தேடும் துளிகளையும் கெடுத்துவிடும். பதிலாக, சாயம் போடும் முன் வெட்டுகளைப் பிபிஎஸ் உப்புக் கரைசலில் வைத்து, 4 டிகிரியில், வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். ஒளிர்வு நன்றாகவே குறையும்.

ஆன்டிபாடி உள்ளே போகச் செல் சவ்வைத் திறக்கும் டிரைட்டானும் துளிகளைக் கரைக்கும். அதற்குப் பதிலாக, மென்மையான 0.1% சப்போனின் போதும், ஆனால் அது திறக்கும் துளைகள் மூடிக்கொள்ளும் என்பதால் ஆன்டிபாடிக் கரைசல்கள் எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும். பாடிபியைக் கடைசியில் போடுங்கள்: 1 மிகி/மிலி ஸ்டாக்கிலிருந்து (செறிந்த இருப்புக் கரைசல்) 1:1000 நீர்த்து, 15 நிமிடம்.

மைக்ரோக்ளியாவைக் காட்டும் ஐபா1 ஆன்டிபாடியை 647 சேனலில் (தூரச் சிவப்பு) வைத்து, 561 சேனலைக் (சிவப்பு) காலியாக விடுங்கள்; பாடிபி 488-இல் (பச்சை) தெரியும். 488, 561 இரண்டிலும் ஒரே இடத்தில் ஒளிரும் புள்ளியை எண்ணாதீர்கள். கொழுப்புத் துளியின் மேலுறைப் புரதமான பெரிலிப்பின்-2-க்கான ஆன்டிபாடியால் தனி வெட்டில் உறுதிசெய்யுங்கள். 3 மாதச் சுண்டெலியையும் அதே லேசர் அளவில், அதே கெயினில் படமெடுங்கள். இல்லாவிட்டால் வயது ஒப்பீட்டுக்கே பொருளில்லை.