சிறிய விமானத்தில் பறக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் விமானி என்ன செய்வார்?

நான் பயிற்சி எடுத்த செஸ்னா 172எஸ் ஒற்றை எஞ்சின் விமானத்தை வைத்தே சொல்கிறேன்.

எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும். 68 நாட் (மணிக்கு சுமார் 126 கிலோமீட்டர்) வேகத்தில் வைத்துக்கொண்டால், காற்றில்லாத நேரத்தில் ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் போகலாம். 3000 அடியில் இருந்தால் சுமார் 8 கிலோமீட்டர், 4 நிமிடம். எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும்.

பயிற்சியின்போது ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்துவிடுவார். சத்தம் சட்டென்று அடங்கிவிடும். முன்னால் ப்ரொப்பல்லர் மட்டும் காற்றின் வேகத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். உயரம் போகிறதே என்று கை தானாகவே விமானத்தின் மூக்கைத் தூக்கப் பார்க்கும். உயிரை வாங்குவது இதுதான். மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், கடைசியில் இறக்கை தாங்கும் சக்தியை இழந்து ஸ்டால் ஆகிவிடும். அதனால் முதல் வேலை 68 நாட் வேகத்தைப் பிடிப்பது.

அடுத்தது, இறங்க இடம். ரோடு கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஆனால் குறுக்கே மின்கம்பி இருக்கும். மேலிருந்து கம்பி தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். வயல் என்றால் உழவுச் சால் போகும் திசையிலேயே இறங்குவது நல்லது. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் காற்றின் திசை தெரியும். முடிந்தவரை எதிர்காற்றில் இறங்க வேண்டும்.

இடத்தைப் பார்த்துவிட்ட பிறகே எஞ்சினை உயிர்ப்பிக்கும் முயற்சி. இருக்கைகளுக்கு நடுவே தரையில் இருக்கும் எரிபொருள் திருகு இரண்டு டேங்குக்கும் பொதுவான நிலையில் இருக்கிறதா, துணை பம்ப் ஆன், பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்ச்சர் குமிழ் முழுவதும் உள்ளே, இக்னிஷன் சாவி சரியாக இருக்கிறதா என்று வரிசையாகக் கை போகும். பெட்ரோல் பக்கக் கோளாறால் நிற்கும் எஞ்சின்கள் நிறைய. அது திரும்பவும் ஓட வாய்ப்புண்டு. ஓடவில்லையென்றால் ரேடியோவில் ஆபத்து அழைப்பான ‘மேடே’ சொல்லி, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரநிலைக் குறியீடான 7700 வைக்க வேண்டும். பேச நேரமில்லையென்றால் பேச வேண்டாம், ஓட்டுவதுதான் முக்கியம்.

டேக் ஆஃப் ஆன கையோடு, சில நூறு அடியில் நின்றால் கதையே வேறு. ரன்வே பின்னாலேயே இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று தோன்றும். திரும்பக் கூடாது. கூர்மையாகத் திரும்பும்போது ஸ்டால் ஆகும் வேகமே கூடிவிடும், கையில் உயரமும் இருக்காது. நேராக முன்னாலோ, சற்று இடமோ வலமோ கிடைத்த இடத்தில் இறக்க வேண்டியதுதான்.

தரை தொடுவதற்கு முன் பெட்ரோல், இக்னிஷன் இரண்டையும் மூடி, இறக்கையின் பின் விளிம்பில் உள்ள ஃப்ளாப்பை இறக்கிய பிறகு மின்சாரத்துக்கான மாஸ்டர் ஸ்விட்சையும் அணைக்க வேண்டும். கதவுகளின் தாழையும் எடுத்துவிட வேண்டும். மோதலில் கதவின் சட்டகம் வளைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும்.

அப்புறம், பாராசூட் இல்லையா என்று கேட்பீர்கள். சிரஸ் எஸ்ஆர்22 விமானத்தில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட்டே உண்டு, கூரையில் உள்ள கைப்பிடியை இழுத்தால் விரியும். நான் ஓட்டிய செஸ்னாவில் அது இல்லை.